குண்டுக்குழிக்குள் மண் எப்படி உருவாகிறது? வெர்டன் முதல் முகமாலை வரை

#1 வடலி

"ஓர் அங்குல மேல்மண் உருவாக 500 வருசம் வேணும்" எண்டு எல்லா இடத்திலயும் எழுதிக் கிடக்கு. அப்பிடிப் பாத்தால் முதலாம் உலகப் போரில, 1916இல, பீரங்கிக் குண்டு கிளறிப் போட்ட பிரான்சின்ர வெர்டன் நிலத்தில இண்டைக்கும் வெறும் கல்லும் அடிமண்ணும்தான் கிடக்கோணும். ஆனால் அங்க பெரிய காடு நிக்குது. குழிகளின்ர அடியில கறுத்த மண் இருக்கெண்டும் வாசிச்சன். எது சரி? இன்னொரு கேள்வி. குழியை மூடி மட்டமாக்கினால் மண் பழையபடி வந்திடுமோ? தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்கோ.

#2 அடிமண்

இரண்டும் சரிதான் வடலி. அவை பேசுவது வேறு வேறு வேலைகளைப் பற்றி. பாறை சிதைந்து மண்துகள் ஆவது ஒரு வேலை. இருக்கும் துகள்களோடு மக்கு (மக்கிப்போன இலைதழை) கலந்து, புழு கிளறி, கறுத்த மேலடுக்கு உருவாவது இன்னொரு வேலை. முதலாவதுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். இரண்டாவது, சருகும் ஈரமும் மண்புழுவும் கிடைத்தால் சில பத்தாண்டுகளில் கண்ணுக்குத் தெரியும். அந்த 500 ஆண்டு வாசகம் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது.

வெர்டன் சண்டை 1916 பிப்ரவரி 21இல் தொடங்கி டிசம்பர் 18 வரை நடந்தது. மியூஸ் ஆற்றை ஒட்டிய அந்த மேடுகள் ஜுராசிக் காலச் சுண்ணாம்புக்கல். அதன் மேல் இருந்த மண் மெல்லியது. குண்டு விழுந்த இடத்தில் மேல்மண் சிதறியதோடு நிற்கவில்லை, கீழே இருந்த பாறையும் நொறுங்கியது. ஜோசப் ஹுபி, ராண்டல் ஷேட்ஸல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் இதற்கு 'பாம்ப்டர்பேஷன்' என்று பெயர் வைத்தார்கள். எறும்பும் எலியும் மண்புழுவும் மண்ணைக் கலக்குவதை 'பயோடர்பேஷன்' என்கிறோம் அல்லவா, அதே வரிசையில் வைத்த பெயர். தமிழில் குண்டுக் கலக்கல் என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு வெர்டன் மண்ணிலேயே குழி வெட்டிப் பார்த்தபோது அவர்கள் கண்டது, குழிகளின் அடிதான் மண் உருவாகும் வேலை சுறுசுறுப்பாக நடக்கும் இடம் என்பது.

காரணம் எளிது. குழி என்பது ஒரு கிண்ணம். காற்றில் ஓடும் சருகு அதற்குள் விழுந்தால் வெளியே வராது. சரிவில் ஓடும் மழைநீரும் நுண்மண்ணும் அங்கேதான் போய்ச் சேரும். கீழே நொறுங்கிய சுண்ணாம்புக்கல்லில் விரிசல்கள் இருப்பதால் அந்த நீர் தேங்காமல் இறங்கும். அது இறங்கும் வழியெல்லாம் சுண்ணாம்பைக் கரைக்கும், வேருக்கும் வழி விடும். ஈரமும் சருகும் சுண்ணாம்பும் ஒருங்கே இருந்தால் மண்புழு பெருகும். அதுதான் சருகை உள்ளே இழுத்துக் கலக்குகிறது.

விளிம்பில் நடப்பது நேர் எதிர். அங்கே சருகு நிற்காது, ஈரம் காயும், மண் சரிந்து குழிக்குள் போகும். ஒரே குண்டு உண்டாக்கிய குழியில், நாலைந்து மீட்டர் இடைவெளிக்குள், இரண்டு வேறு மண்கள் வளர்கின்றன. வெர்டனில் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம். குண்டு பட்ட நிலத்தில் மண் உருவாக்கம் மறுபடி தொடங்கும்போது, நிலம் முழுக்க ஒரே சீராகத் தொடங்குவதில்லை.

#3 கரிசல்காடு

பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். போருக்கு முன் அங்கே வயலும் கிராமமும் நிறைய இருந்தன. ஃப்ளூரி, டூவமோ போன்ற ஒன்பது ஊர்கள் அழிந்தன, அவற்றில் பெரும்பாலானவை மறுபடி கட்டப்படவே இல்லை. போருக்குப் பின் அரசு காடு நட்டது, ஆஸ்திரியக் கறும்பைனும் ஸ்ப்ரூஸும். பின்னால் படிப்படியாகப் பல இடங்களில் பீச் போன்ற இலையுதிர் மரங்களுக்கு மாற்றினார்கள். வயல் காடானாலே, குண்டு விழாமல் இருந்தாலும், மேலடுக்கில் மக்கு கூடும். ஆகையால் இன்றைய குழி மண்ணைப் பழைய வயல் மண்ணோடு ஒப்பிட்டு, எல்லாம் குழியின் வேலை என்று சொன்னால் கணக்கு தப்பும்.

#4 அடிமண்

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் ஒப்பீட்டை அதே காட்டுக்குள், அதே மரத்தின் கீழ், குழிக்கும் குழி விழாத திட்டுக்கும் இடையே செய்ய வேண்டும். இப்படி ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்காக முறையை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. கண்ணிவெடி அகற்றுவோர் சான்று தராத நிலத்தில் ஒரு கைப்பிடி மண்கூட எடுக்கக் கூடாது. சான்று எத்தனை செ.மீ. ஆழத்துக்கு என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 15 செ.மீ. வரை சோதித்த நிலத்தில் ஒரு மீட்டர் ஆகர் (மண்ணைத் துளைத்து எடுக்கும் கருவி) இறக்குவது சோதிக்காத நிலத்தில் இறக்குவதற்குச் சமம். மண் ஆய்வுக்காரர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

பிறகு, ஒவ்வொரு குழிக்கும் நான்கு நிலைகள்: குழியின் அடி, உட்சரிவின் நடு, விளிம்பின் உச்சி, தெறித்த மண் எட்டாத சமதளம். சமதளப் புள்ளியை விளிம்பிலிருந்து குழியின் விட்டத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தள்ளி எடுங்கள். வெர்டன் மாதிரி குழி மேல் குழி விழுந்த நிலத்தில் அப்படி ஓர் இடம் கிடைக்காது. கிடைக்காவிட்டால் அதை ஒப்புக்கொண்டு எழுத வேண்டும், பக்கத்துக் குழியின் விளிம்பைச் சமதளம் என்று எழுதக் கூடாது. ஆழங்கள் 0–5, 5–15, 15–30 செ.மீ., அதற்குக் கீழே அடுக்கு மாறும் இடம் பார்த்து. ஒரே ஒரு 0–30 மாதிரி எடுத்தால், 6 செ.மீ. தடித்த புதிய கறுப்பு அடுக்கு மீதி 24 செ.மீ. வெளிர் மண்ணில் கரைந்து, எதுவும் நடக்காததுபோல் எண் வரும்.

பருமஅடர்த்தி (ஒரு கன அளவு மண்ணின் உலர்ந்த எடை) எடுக்க உருளையைத் தட்டி இறக்கும் வழக்கம் இங்கே வேண்டாம். உலோகத் துண்டில் மோதும், கல் நிறைந்த மண்ணில் எண்ணும் பொய்யாகும். சிறு பள்ளம் தோண்டி, எடுத்த மண்ணைக் காயவைத்து நிறுத்து, பள்ளத்தில் மெல்லிய பாலித்தீன் விரித்துத் தண்ணீர் ஊற்றிக் கன அளவு காணும் முறையே நல்லது. 2 மி.மீ.க்கு மேற்பட்ட கற்களைச் சலித்து அவற்றின் எடையையும் கன அளவையும் கழியுங்கள். நொறுங்கிய பாறையில் இதைக் கழிக்காவிட்டால் மக்கின் அளவைக் காட்டும் கார்பன் இருப்பு இரண்டு மடங்காகக்கூடக் காட்டும்.

சுண்ணாம்பு மண்ணில் கார்பன் அளக்கும்போது இன்னொரு பொறி. எரித்து அளக்கும் கருவி சுண்ணாம்பில் உள்ள கார்பனையும் மக்கோடு சேர்த்துவிடும். முதலில் அமிலம் விட்டுச் சுண்ணாம்பை நீக்குங்கள். அல்லது இரண்டையும் தனித்தனியாக அளந்து கழியுங்கள்.

#5 வடலி

முதல் கேள்வி விளங்கிச்சு. ஆனால் இது சுண்ணாம்புக்கல்லுக்குத்தானே? களிமண்ணில விழுந்தால்?

#6 கரிசல்காடு

களியில் கதை திரும்பிவிடும். பாறையை வெடிப்பு திறக்கிறது, ஈரக் களியை வெடிப்பு மூடுகிறது. குழியைச் சுற்றி அழுந்திய களிமண் ஓடு ஒன்று உண்டாகும். துளைகள் நசுங்கி, பூசி மெழுகியதுபோல் இருக்கும். மழைநீர் இறங்காது. வெர்டனிலேயே களி கலந்த சுண்ணாம்பு அடுக்கு உள்ள இடங்களிலும், நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்ட குழிகளிலும் தண்ணீர் நிற்கிறது. அங்கே சருகு மக்காமல் கறுத்துச் சேறாகும். காற்றில்லாததால் மண் சாம்பல் நிறமாகவும் துருப் புள்ளிகளோடும் இருக்கும். அதுவும் மண் உருவாக்கம்தான், ஆனால் சதுப்பு மண்ணின் வழியில்.

வியட்நாமைப் பாருங்கள். 1965 முதல் 1971 வரை இந்தோசீனத்தில் விழுந்த குழிகள் சுமார் 2.6 கோடி என்று ஆர்தர் வெஸ்டிங், ஃபைஃபர் இருவரும் 1972இல் மதிப்பிட்டார்கள். கிளறப்பட்ட மண் சுமார் 260 கோடி கன மீட்டர், குழிகளின் பரப்பு சுமார் 1,71,000 ஹெக்டேர். வகுத்துப் பார்த்தால் குழி ஒன்றுக்கு 100 கன மீட்டர் மண், 65 சதுர மீட்டர் வாய், அதாவது ஒன்பது மீட்டர் விட்டம். 500 பவுண்டு விமானக் குண்டின் குழி அந்த அளவுதான். தாழ்நில வயல்களில் இவை குளங்களாகிவிட்டன, பலவற்றில் மீன் வளர்க்கிறார்கள். மேட்டு நிலமான கே சான் பக்கம் எரிமலைப் பாறை சிதைந்த ஆழமான செம்மண். வெப்பமும் மழையும் அதிகம். அங்கே குழியின் கூர்மையான வடிவம் பிரான்சைவிட வேகமாகக் கரைந்து மழுங்குகிறது, அடியில் படிவும் வேகமாகச் சேர்கிறது. பாறை, மழை, வெப்பம், செடி, சரிவு, காலம் என்ற பழைய கணக்கே குண்டுக்குழிக்கும் பொருந்துகிறது. குண்டு மாற்றுவது சரிவையும் தொடக்கப் புள்ளியையும்.

வறண்ட நிலம் இன்னும் மோசம். 1942–44இல் அமெரிக்க மொஹாவி பாலைவனத்தில் டாங்கிப் பயிற்சி நடந்தது. அந்தத் தடங்கள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் தெரிந்தன. அங்கே ஒரு குண்டும் விழ வேண்டியதில்லை, அழுத்தமே போதும். மேலே இருக்கும் கல் பரப்பும், பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து கட்டிய மெல்லிய ஓடும் உடைந்தால் காற்று மண்ணைத் தூக்கிவிடும். மழை குறைந்த இடத்தில் அழுந்திய மண்ணைத் திரும்ப இளக்க வேருமில்லை புழுவுமில்லை.

#7 படிகாரம்

இதுவரை வடிவத்தையும் ஈரத்தையும் பேசினோம். வேதியியலை விட்டுவிட்டால் பாதிப் படம்தான்.

வெர்டனுக்கு வடகிழக்கே ஸ்பான்கூர் காட்டில் 'பிளாஸ் அ காஸ்' என்று ஓர் இடம் உண்டு. 1928இல் அங்கே ஏறத்தாழ 2,00,000 நச்சுவாயுக் குண்டுகளை எரித்து அழித்தார்கள். 2007இல் வெளியான ஆய்வில் அந்த மண்ணில் ஆர்சனிக் உச்சமாக கிலோவுக்கு 1,75,907 மி.கி., அதாவது எடையில் 17 சதவீதத்துக்கும் மேல். துத்தநாகம், ஈயம், செம்பு எல்லாமே கூட. குண்டுகளில் இருந்த டைபீனைல் குளோரோ ஆர்சீன் போன்ற சேர்மங்களின் எச்சம் அது. 80 ஆண்டு கழிந்தும் அந்தத் திட்டில் தாங்கி நின்றவை ஒரு புல், ஒரு பாசி, ஒரு லைக்கன், மூன்றே மூன்று. குழியின் அடியில் மண் வளர்வதைப் பார்த்து மகிழும் நாம் இதையும் நினைவில் வைக்க வேண்டும். இலை விழாத இடத்தில் மக்கு இல்லை, மக்கு இல்லாத இடத்தில் மேலடுக்கு இல்லை. காலம் இருந்தும் மண் உருவாகவில்லை.

சாதாரணப் போர்க்களத்தில் அந்த அளவு இருக்காது. குண்டின் இடுப்பில் சுற்றிய செம்புப் பட்டை, ஈய உருண்டைகள், தோட்டா, இரும்புச் சில்லு, இவைதான் அதிகம். சுண்ணாம்பு மண்ணில் ஈயத்தின் மேல் ஈயக் கார்பனேட் ஓடு கட்டிக்கொள்ளும், கரைவது மந்தமாகும். மண் புளித்து பி.எச். (புளிப்பு கூடக் கூடக் குறையும் எண்) 5.5க்குக் கீழ் இறங்கினால் அந்த ஓடு கரைந்து ஈயமும் துத்தநாகமும் நகரத் தொடங்கும். பைன் சருகு மேலடுக்கைப் புளிக்கவைக்கும் என்பதால் எந்த மரம் நடுகிறோம் என்பதும் இதில் சேரும்.

இங்கே பலர் செய்யும் தவறு: "ஈயம் இருக்கிறது, சுண்ணாம்பு போடு, பாஸ்பேட் போடு." ஈயத்துக்கு இரண்டும் சரி, பாஸ்பேட்டோடு சேர்ந்து ஈயம் கரையாத கனிமமாகும். ஆர்சனிக்குக்கு இரண்டுமே கேடு. ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் மண்ணில் ஒரே இருக்கைக்குப் போட்டியிடுகின்றன. பாஸ்பேட் உட்கார்ந்தால் ஆர்சனிக் எழுந்து தண்ணீரோடு போகும். பி.எச். கூடினாலும் அதன் பிடி தளரும். நீர் தேங்கும் குழியில் இன்னும் மோசம், காற்றில்லாதபோது இரும்புத் துரு கரைந்து, அதைப் பிடித்திருந்த ஆர்சனிக் விடுபடும். ஆகவே இரண்டையும் அளக்காமல் எதையும் கொட்டாதீர்கள்.

#8 அடிமண்

வெடிமருந்தின் எச்சம் பற்றியும் சொல்லுங்கள். டி.என்.டி. தண்ணீரில் கூடுதலாகக் கரைவது, அதனால் அதுதான் கிணற்றுக்குப் போகும் என்று சிலர் எழுதுகிறார்கள்.

#9 படிகாரம்

கரைவது டி.என்.டி. கூடுதலாக, லிட்டருக்கு சுமார் 100 மி.கி. ஆர்.டி.எக்ஸ். என்ற இன்னொரு வெடிமருந்து அதைவிடக் குறைவு. ஆனால் தொலைவு போவது ஆர்.டி.எக்ஸ். டி.என்.டி.யை மண் நுண்ணுயிர்கள் மாற்றும்போது வரும் அமினோ சேர்மங்கள் மக்கோடு இறுகப் பிணைந்துகொள்ளும். ஆர்.டி.எக்ஸ். எதையும் பற்றுவதில்லை, மழைநீரோடு நேராக இறங்கும். மக்கு குறைந்த மணலில் கிணறு இருந்தால் முதலில் சோதிக்க வேண்டியது ஆர்.டி.எக்ஸ்.

முழுதாக வெடித்த குண்டு மிகக் குறைந்த எச்சத்தையே விடும். பெரும் பங்கு அரைகுறையாக வெடித்ததிலிருந்தும், உடைந்து கிடப்பதிலிருந்தும் வருகிறது. அதனால் எச்சம் நிலம் முழுக்கப் பரவி இருக்காது, கடுகுபோலத் துகள் துகளாகச் சிதறி இருக்கும். ஓர் இடத்தில் எடுத்த ஒரே மாதிரி எதையும் சொல்லாது. பக்கத்தில் ஓர் அடி தள்ளி எடுத்தால் பத்து நூறு மடங்கு வேறு எண் வரும். ஒரு பரப்பைத் தீர்மானித்து, வலைக்கட்டம் போட்டு, குறைந்தது 30 இடங்களில் சமமான சிறு அளவு எடுத்து, எல்லாம் சேர்த்து ஒரு கிலோ மாதிரி ஆக்க வேண்டும். வெயிலிலும் அடுப்பிலும் காயவைக்கக் கூடாது, நிழலில் அறை வெப்பத்தில் உலர்த்த வேண்டும். ஆய்வகம் முழு மாதிரியையும் அரைத்துவிட்டுத்தான் அதிலிருந்து சிறு பங்கு எடுக்க வேண்டும். அரைக்காமல் எடுத்தால் 30 இடம் நடந்த உழைப்பு வீண்.

#10 கரிசல்காடு

வடலியின் இரண்டாவது கேள்வி, மூடினால் மண் திரும்புமா. இன்று இது அதிகம் தேவைப்படுவது உக்ரைனில். அங்கே செர்னோசெம் எனும் கறுப்பு மண், நல்ல இடங்களில் ஒரு மீட்டர் வரை கறுத்த மேலடுக்கு. அதன் கீழே காற்று கொண்டுவந்து குவித்த வெளிர் மஞ்சள் வண்டல், சுண்ணாம்பு நிறைந்தது. ஆழமான குண்டு இந்த வெளிர் மண்ணைத் தூக்கி மேலே போட்டுவிடும். புல்டோசரை வைத்து விளிம்பை அப்படியே உள்ளே தள்ளினால் எல்லாம் கலந்து போகும். அல்லது கறுப்பு மண் அடியிலும் வெளிர் மண் மேலேயும் வரும். பார்க்கச் சமமாக இருக்கும், விளைச்சலில் வட்டம் வட்டமாக வெளிறித் தெரியும்.

வெடி அகற்றிய பின், முதலில் எது எங்கே விழுந்தது என்று பாருங்கள். 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு போதும். வெளிர் மண் நுரைக்கும், கறுத்த மேலடுக்கு பொதுவாக நுரைக்காது. விளிம்பில் வெட்டிப் பார்க்கும்போது மேலே நுரைத்து, கீழே கறுப்பில் நுரைக்காமல் போனால், அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதுதான் புதைந்து கிடக்கும் பழைய தரை. (வெர்டனில் இந்தச் சோதனை உதவாது, அங்கே எல்லாமே நுரைக்கும்.)

நுரைக்கும் மண்ணை முதலில் சுரண்டித் தனியே குவியுங்கள். கறுப்பு மண்ணை வேறு குவியல். குழியின் அடியிலும் பக்கத்திலும் அழுந்திய ஓட்டை 30 செ.மீ. ஆழத்துக்குப் பிளந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூடிய பிறகும் அது தொட்டிபோல் நீர் தேக்கும். பிறகு வெளிர் மண்ணை 20–25 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு லேசாக அமர்த்துங்கள், கடைசியில் கறுப்பு. 4 மீட்டர் விட்டமும் 1.2 மீட்டர் ஆழமும் உள்ள கிண்ணக் குழிக்கு ஏறத்தாழ 7.5 கன மீட்டர் மண் வேண்டும். தெறித்ததில் ஒரு பங்கு தூரம் போயிருப்பதால் விளிம்பு மண் மட்டும் போதாது, வெளியிலிருந்து கொண்டுவருவதாக இருந்தால் அடிப்பகுதிக்கு மட்டும் கொண்டுவாருங்கள். மேலே 10–15 செ.மீ. கூம்பாக விடுங்கள், இரண்டு மழைக்காலத்தில் அமிழும்.

ஈரத்தில் தொடவே கூடாது. மண்ணைக் கையில் உருட்டி 3 மி.மீ. திரியாக நீட்ட முடிந்தால் அன்று இயந்திரம் இறங்கக் கூடாது. நிபந்தனையை மீறி வேலை செய்த களிமண்ணில் பருமஅடர்த்தி கன செ.மீ.க்கு 1.5 கிராமைத் தாண்டும், வேர் அதற்குள் போகாது.

செம்பும் ஈயமும் வரம்புக்கு மேல் இருந்தால் மூடுவதை நிறுத்திவையுங்கள். மூடினால் அசுத்தம் ஆழத்துக்குப் போகும், பிறகு எடுக்க ஏழு கன மீட்டரையும் திரும்பத் தோண்ட வேண்டும்.

#11 செம்பாட்டான்

இலங்கைப் போரில முன்னரங்காக் கிடந்த முகமாலை, பளைப் பக்கத்துக்கு இதைப் பொருத்திப் பாக்கோணும். அங்க குண்டுக்குழியை விட மண் அணையும் பங்கரும்தான் நிலத்தைக் கூட மாத்தினது. அணைக்கு மண் பக்கத்து அகழியில இருந்து வெட்டினது. அதால முதல்ல வெட்டின மேல்மண் அணையின்ர அடியில, பிறகு வெட்டின அடிமண் உச்சியில. தலைகீழ். கரிசல்காடு அண்ணை சொன்ன அதே பிழை இங்கயும் வரும், அணையை அப்பிடியே தள்ளி அகழியை மூடினால் மேல்மண் எங்க போச்சுது எண்டே தெரியாது.

கண்ணிவெடி அகற்றேக்க வாரியால கிளறி எடுக்கிற முறையும் மண்ணைக் கலக்கிற ஒண்டுதான். பாரமான வாரியால இளக்கி, மெல்லிய வாரியால இழுப்பினம். மணல் தரையில அடுக்கு வித்தியாசம் குறைவு, அதால அடுக்குக் குழம்பிறது பெரிய நட்டம் இல்லை. நட்டம் வேரும் மக்கும் போறதுதான். மணலில களி இல்லை, மக்கை விட்டால் தண்ணியையும் பசளையையும் பிடிச்சு வைக்க வேற ஒண்டும் இல்லை. செம்பாட்டு மண்ணில அப்பிடி இல்லை. கீழ சுண்ணாம்புக்கல் கிட்டவே கிடக்கிற இடத்தில ஆழமா வெட்டினால் கல்லு மேல வந்திடும்.

#12 வடலி

அப்ப மணலில மக்கைத் திருப்பிக் கொண்டுவர என்ன செய்யலாம்?

#13 செம்பாட்டான்

எங்கட பழைய வழிதான். குழை தாழ்க்கிறது, அதாவது பச்சை இலை கொப்பை மண்ணுக்குள்ள புதைக்கிறது. பூவரசங்குழை, கிளிசரியா, பனையோலை. குழை கெதியா உக்கிப் பயிருக்கு உணவு குடுக்கும், ஓலை மெதுவா உக்கிறதால கனநாளைக்கு ஈரம் பிடிச்சு நிக்கும். இரண்டையும் சேத்துத் தாழ்க்கோணும், ஓலை மட்டும் போட்டால் உக்கிற கிருமியள் மண்ணில இருக்கிற நைதரசனை இழுத்துப் பயிர் மஞ்சளாகும். அகழி முழுசா மூடாமல் கிடக்கிற இடத்தில அந்தப் பள்ளத்துக்குள்ளயே ஓலையைப் போட்டு மண் மூடலாம். வெர்டன் குழியில சருகு தானா விழுந்து செய்ததை இங்க கையால செய்யிறம்.

#14 படிகாரம்

அதற்கு முன் ஒரு சோதனை. அணை மண்ணில் தோட்டாக்கள் ஒரே பக்கத்தில், எதிரி நின்ற பக்கத்தின் முகப்பில், குவிந்திருக்கும். ஈயம் பார்க்க அந்த முகப்பின் மேல் 20 செ.மீ. மண்ணைத் தனியாக எடுங்கள், இரு பக்கத்தையும் கலக்காதீர்கள். சலிக்கும்போது 2 மி.மீ. சல்லடைக்கு மேல் நின்ற ஈயத் துண்டுகளையும் நிறுத்து எழுதி வையுங்கள். ஆய்வகம் தரும் எண் நுண்மண்ணுக்கு மட்டும்தான், நிலத்தில் இன்னும் கரையாமல் காத்திருக்கும் ஈயம் அந்தச் சல்லடைக்கு மேலே இருக்கிறது.